ஐந்து வேலை செய்யும் ரோபோவா, இரண்டை ஒழுங்காகச் செய்யும் ரோபோவா? (ரீஃப்ஸ்கேப் 2025 வடிவமைப்பு)

பல்சக்கரம் | 8 ஜனவரி 2025

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ரோபோப் போட்டி) அணிக்கு இரண்டாவது ஆண்டாக வழிகாட்டியாக இருக்கிறேன். சென்ற சனிக்கிழமை இவ்வாண்டின் விளையாட்டான ரீஃப்ஸ்கேப் அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரே வாக்குவாதம். அதை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

விதிகளை இன்னும் வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று ரோபோக்கள் கொண்ட ஒரு கூட்டணி இன்னொரு கூட்டணியோடு மோதும். ஒவ்வொரு கூட்டணிக்கும் களத்தில் ரீஃப் எனப்படும் அறுகோணக் கட்டமைப்பு ஒன்று நிற்கிறது. கோரல் எனப்படும் பிவிசி குழாய்த் துண்டுகளை அதன் நான்கு நிலைகளில் வைக்க வேண்டும். ஓட்டுநர் இயக்கும் நேரத்தில் அடித்தொட்டியில் போட்டால் 2 புள்ளிகள், மேலுள்ள கிளைகளில் மாட்டினால் முறையே 3, 4, 5. நான்காம் நிலை ஏறத்தாழ 6 அடி உயரத்தில் இருப்பதால் அதற்கு லிஃப்ட் போன்ற ஓர் அமைப்பு இல்லாமல் முடியாது. ஆல்கே எனப்படும் 16 அங்குலப் பந்தைக் களத்தின் ஓரத்தில் பிராசசர் எனப்படும் திறப்பில் இட்டால் 6 புள்ளிகள், வலையில் எறிந்தால் 4. ஆட்ட முடிவில், பார்ஜ் எனப்படும் கட்டமைப்பிலிருந்து தொங்கும் ஆழக் கூண்டைப் பிடித்துத் தரையை விட்டு எழும்பினால் 12, ஆழமற்ற கூண்டில் எழும்பினால் 6, அந்தப் பகுதிக்குள் வந்து நின்றால் மட்டும் 2.

நான்காம் நிலை வரை எட்டும் லிஃப்ட், தரையில் கிடக்கும் கோரலை எடுக்கும் உருளைகள், ரீஃபில் சிக்கியிருக்கும் ஆல்கேயை எடுக்கும் கை, அதை வலையில் எறியும் பொறி, ஆழக் கூண்டில் ஏறும் கொக்கி என்று ஐந்தையும் மாணவர்கள் பலகையில் எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் 18 மாணவர்கள், இரண்டு வழிகாட்டிகள், ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு பட்டை ரம்பம், அடிக்கடி மூக்கடைத்துக்கொள்ளும் ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவை உள்ளன. பட்டறை வாரத்தில் மூன்று நாள் மட்டுமே திறந்திருக்கும். முதல் போட்டி மார்ச் நடுப்பகுதியில் வருகிறது. சென்ற ஆண்டும் இதேபோல எல்லாவற்றையும் வைத்துக் கட்டினோம். போட்டிக்கு முதல் நாள் இரவு வரை முறுக்காணி இறுக்கிக்கொண்டிருந்ததால், ஓட்டுநர் அந்த ரோபோவை முதன்முதலில் ஓட்டியது போட்டிக் களத்தில்தான்.

எதை வைப்பது, எதை விடுவது என்று எந்த அடிப்படையில் முடிவு செய்கிறீர்கள்?

மூன்றாம்தேர்வு | 8 ஜனவரி 2025

சென்ற ஆண்டைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, ஆனாலும் ஒரு பழைய ஆட்டத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

2017ஆம் ஆண்டின் ஸ்டீம்வொர்க்ஸ் ஆட்டத்தில் பல்சக்கரங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பந்துகளை உயரமான கொதிகலனுக்குள் எறிவது, கடைசியில் கயிற்றில் ஏறுவது என்று மூன்று வேலைகள் இருந்தன. பந்து எறிவது பார்வைக்குக் கவர்ச்சியானது; நூற்றுக்கணக்கான பந்துகள் பொழியும் காணொளியைப் பார்த்துவிட்டால் அதை வேண்டாமென்று சொல்ல எந்த மாணவனுக்கும் மனம் வராது. விதிப்புத்தகமோ வேறு கணக்கைச் சொன்னது. ஓட்டுநர் இயக்கும் நேரத்தில் உயர் வாயிலில் விழும் 3 பந்துகளுக்கு 1 புள்ளி. ஒருமுறை கயிற்றில் ஏறினால் 50 புள்ளிகள். அதாவது ஒரு சில வினாடிகளில் முடியும் ஏற்றம் குறி தவறாத 150 பந்துகளுக்குச் சமம். அந்த ஆண்டு எங்கள் அணி ரோபோவின் பாதி இடத்தைப் பந்துத் தொட்டிக்குக் கொடுத்தது. மீதி இடத்தில் திணித்த பல்சக்கரப் பிடி வளைந்து வளைந்து கெட்டுப்போனது. பந்து எறிந்து நாங்கள் பெற்ற மொத்தப் புள்ளிகளை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் மாகாணத்திலேயே இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறார். செயின்ட் கேதரின்ஸ் நகரின் 1114ஆம் அணியின் வழிகாட்டியாக இருந்த கார்த்திக் கனகசபாபதி போட்டி உத்திகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆற்றிவந்த உரையில், அணியின் திறனுக்குள் அடங்குவதையே கட்ட வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார். ஐந்து வேலைகளை அரைகுறையாகச் செய்வதைவிட மூன்றை முழுமையாகச் செய்வது மேல் என்பது அவருடைய இரண்டாவது விதி. உங்களுடைய அணிக்கு மூன்றுகூட அதிகம், இரண்டோடு நிறுத்துங்கள் என்பேன்.

நிரலி | 9 ஜனவரி 2025

மூன்றாம்தேர்வு சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் "எளிமை" என்ற சொல்லை நாம் கொஞ்சம் அவசரமாகக் கையாள்கிறோம். கட்டுபவருக்கு எளிமையா, ஓட்டுபவருக்கு எளிமையா, பிட்டில் (ஆட்டங்களுக்கு இடையே ரோபோவைச் செப்பனிடும் இடம்) எட்டு நிமிடத்துக்குள் பழுது பார்ப்பவருக்கு எளிமையா என்று பிரித்துக் கேட்டால் மூன்றும் வெவ்வேறு ரோபோக்களைக் காட்டும்.

2008ஆம் ஆண்டின் ஓவர்டிரைவ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 அங்குலப் பந்தைத் தூக்கி மேம்பாலத்துக்கு மேலே தாண்டவிட்டால் 8 புள்ளிகள், களத்தைச் சுற்றி ஓடி கோட்டைக் கடந்தால் 2 புள்ளிகள். டெக்சாஸின் 148ஆம் அணி பந்தைத் தூக்கும் கையே இல்லாமல், சுற்றி ஓடுவதற்கும் பந்தைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் மட்டும் ஒரு ரோபோவைக் கட்டி, 1114, 217 ஆகிய அணிகளோடு சேர்ந்து உலகச் சாம்பியன் ஆனது. இதை எளிமையின் வெற்றி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ரோபோவின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் திசை திரும்பக்கூடியவை. அன்றைக்கு அது எந்தப் புதிய அணிக்கும் கைவராத பொறியியல். அவர்கள் சிக்கலை அடியோடு நீக்கிவிடவில்லை, எல்லாச் சிக்கலையும் ஒரே இடத்தில் குவித்தார்கள்.

நிரலெழுதுபவள் என்ற முறையில் என் அனுபவமும் இதுவே. கேமராவைக் கொண்டு ரோபோவே கிளைக்கு நேராக வந்து நிற்கும்படி செய்வது எனக்கு மூன்று வாரத் தலைவலி, ஓட்டுநருக்கோ ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை அம்சம் என்று எண்ணுவதா, எளிமை என்று எண்ணுவதா? உங்கள் பலகையில் உள்ள ஐந்தையும் எத்தனை என்று எண்ணாமல், ஒவ்வொன்றின் சுமையும் யார் தலையில் விழுகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் அணியில் நன்றாக நிரலெழுதும் மாணவர் ஒருவர் சும்மா இருக்கிறார் என்றால், அவர் செய்யும் வேலை துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் வரிசையை நீட்டப்போவதில்லை.

பல்சக்கரம் | 9 ஜனவரி 2025

நிரலி, பலகையில் அப்படி எழுதிப் பார்த்தோம். ஐந்தில் நான்கு வேலைகள் ஒரே இரண்டு மாணவர்களின் தலையில் விழுகின்றன. இதை முன்பே பார்க்காமல் விட்டோம்.

கணக்குப்பிள்ளை | 10 ஜனவரி 2025

புள்ளிக் கணக்கில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. ஓர் அம்சத்தின் மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றல்ல.

கூண்டில் ஏற 20 வினாடிகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 12 வினாடிக்கு ஒரு கோரலை நான்காம் நிலையில் மாட்டும் வேகமான அணி, அந்த 20 வினாடிகளில் 8 புள்ளிகளுக்குச் சற்று மேலாகப் பெற்றுவிடும். ஆகவே, பத்து முறை முயன்றால் ஏழு முறையாவது ஏற முடிந்தால்தான் அந்த அணிக்கு ஏற்றம் லாபம். ஒரு கோரலுக்கு 25 வினாடிகள் எடுக்கும் மெதுவான அணி அதே நேரத்தில் இழப்பது 4 புள்ளிகள் மட்டுமே. மூன்றில் ஒரு முறை ஏறினாலே அதற்குக் கட்டுப்படியாகும். லிஃப்டே இல்லாமல் 15 வினாடிக்கு ஒரு முறை அடித்தொட்டியில் 2 புள்ளி போடும் அணிக்கு இழப்பு இன்னும் குறைவு.

இதிலிருந்து வருவது விசித்திரமான முடிவு. சிறிய அணிகள் முதலில் வெட்டுவது பெரும்பாலும் ஏறும் கொக்கியைத்தான், ஏனென்றால் அது கடைசியில் வரும் வேலை. உண்மையில் அந்த அணிகளுக்கே அதிகம் திருப்பித் தரும் அம்சம் அது. போதாததற்கு, இவ்வாண்டு பார்ஜ் தரவரிசைப் புள்ளி (அணிகளின் தரவரிசைக்கு மட்டும் கணக்காகும் தனிப் புள்ளி) பெறக் கூட்டணி முழுவதற்கும் 14 புள்ளிகள் போதும். ஒரு ரோபோ ஆழக் கூண்டில் ஏறி, இன்னொன்று கீழே வந்து நின்றால் 12உம் 2உம் சேர்ந்து கணக்கு முடிந்தது.

மூன்றாம்தேர்வு | 10 ஜனவரி 2025

கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஒரு பிழை. ஏறாத ரோபோ கடைசி மூன்று வினாடிகளில் அங்கே வந்து நின்று 2 புள்ளிகளைப் பெறலாம் அல்லவா? அப்படியானால் ஏற்றத்தின் உண்மையான லாபம் 10 புள்ளிகள்தான்.

கணக்குப்பிள்ளை | 10 ஜனவரி 2025

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்து நிற்க மூன்று வினாடிகள் செலவாவதால், ஒப்பிட வேண்டிய நேரமும் 17 வினாடிகளாகச் சுருங்குகிறது. ஏற முயன்று தோற்றவரும் பெரும்பாலும் அங்கேயே நிற்பதால் அந்த 2 புள்ளிகள் அவருக்கும் கிடைக்கும். திருத்திப் போட்டால் வேகமான அணிக்கு 71 விழுக்காடு, மெதுவான அணிக்கு 34 விழுக்காடு என்று ஏறத்தாழ முன்பு வந்த இடத்திலேயே வந்து நிற்கிறது.

ஏட்டைத் திறந்தது திறந்ததுதான், ஆல்கேயையும் பார்த்துவிடலாம். பிராசசரில் 6 புள்ளிகள் என்று மயங்கவேண்டாம். அதில் இட்ட பந்து களத்தின் ஓரத்தில் நிற்கும் எதிர்க்கூட்டணியின் மனித ஆட்டக்காரர் கைக்குப் போகிறது. அவர் அதை வலையில் எறிந்து 4 புள்ளிகள் எடுத்தால் உங்களுக்கு மிச்சம் 2. அதே நேரத்தில் அந்தப் பந்துகள் ரீஃபில் இருக்கும்வரை இரண்டாம், மூன்றாம் நிலைக் கிளைகளை மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஆல்கேயைப் பிடித்து, சுமந்து, எறிவதைவிட அதைத் தட்டிவிடுவதற்கு மட்டும் ஒரு குச்சி வைப்பது வேறு வகையான பேரம்.

ஏழாங்கல் | 11 ஜனவரி 2025

நான் எஃப்ஆர்சி ஆள் இல்லை. கோயம்புத்தூரில் படித்தபோது, கல்லூரி மாணவர்களுக்கான ரோபோகான் போட்டி அணியில் இருந்தேன். 2022ஆம் ஆண்டின் ஏபியு (ஆசிய-பசிபிக்) ரோபோகான் போட்டியை இந்தியா நடத்தியது. நம் ஊர் ஏழாங்கல் விளையாட்டைப் போன்ற லகோரிதான் அதன் கருப்பொருள். ஒரு ரோபோ பந்தை எறிந்து ஐந்து வட்டுகளின் அடுக்கைக் கலைக்க வேண்டும், மற்றொன்று அவற்றை மீண்டும் அடுக்க வேண்டும்.

சிதறிய வட்டு எங்கே, எந்தக் கோணத்தில் கிடந்தாலும் கேமராவால் கண்டுபிடித்துத் தானே போய் எடுக்கும்படி எங்கள் ரோபோவை அமைத்தோம். கல்லூரிக் கூடத்தில் அது வேலை செய்ததைப் பார்த்துப் பேராசிரியர்களே கைதட்டினார்கள். போட்டி அரங்கில் விளக்கொளி வேறு மாதிரி இருந்தது. ரோபோ எங்கள் உதவியாளர் ஒருவருடைய சட்டையை வட்டு என்று நினைத்து அவரை நோக்கியே போனது. எங்கள் பக்கத்து மேசையில் இருந்த அணியின் ரோபோவில் கேமரா இல்லை. முன்பக்கம் வி வடிவத்தில் இரண்டு அலுமினியச் சட்டங்கள் மட்டும் இருந்தன. ஓட்டுநர் கிட்டத்தட்டச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் போதும், தள்ளும்போதே வட்டு தானாக நடுவில் வந்து அமர்ந்துவிடும்.

அதனால் நிரலி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு வேலையை மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு முன், அதை வெறும் வடிவத்தாலேயே செய்ய முடியுமா என்று ஒரு நாள் யோசிப்பது வீண்போகாது. வளைத்த தகட்டுக்கு விளக்கொளி ஒரு பொருட்டில்லை.

கம்பிக்கட்டு | 12 ஜனவரி 2025

எல்லோரும் புள்ளியையும் நேரத்தையும் பேசுகிறீர்கள். நான் மின் இணைப்பு வேலை பார்ப்பவன். ஒவ்வொரு புதிய அம்சமும் குறைந்தது ஒரு மோட்டார், ஒரு கட்டுப்படுத்தி, ஒரு உணரி, அவற்றுக்கான அரை டசன் இணைப்புகளோடு வருகிறது. நான் பார்த்தவரை ஆட்டத்தின் நடுவே நின்றுபோன ரோபோக்களில் பெரும்பாலானவை உடைந்து நிற்கவில்லை, கழன்ற இணைப்பால் நின்றன. ஒரே 12 வோல்ட் மின்கலம்தான் எல்லாவற்றுக்கும் சோறு போடுகிறது. லிஃப்டும் உருளைகளும் சக்கரங்களும் ஒன்றாக இழுத்து மின்னழுத்தம் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே விழும்போது, தன்னைக் காத்துக்கொள்ள ரோபோ மோட்டார்களை நிறுத்திவிடும்.

இன்னொரு சிறு கணக்கு. கோரலை எடுப்பது, லிஃப்ட் உயர்வது, விடுவது ஆகிய மூன்றும் தலா 95 விழுக்காடு நம்பகமானவை, கிளைக்கு நேராக நிற்பது 90 விழுக்காடு என்றால், நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக நடக்கும் வாய்ப்பு 77 விழுக்காடுதான். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துவிட்டு "எல்லாம் வேலை செய்கிறது" என்று வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை.

பலகைக்காரி | 12 ஜனவரி 2025

வணக்கம். பல்சக்கரம் அண்ணாவின் அணியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி நான். பலகையில் அந்த ஐந்தையும் எழுதியவளும் நானே. எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுவதால் ஒரு பதில் எழுதலாம் என்று தோன்றியது.

கணக்குகள் எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் எஃப்ஆர்சியை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பை டீன் கேமன் 1989இல் தொடங்கியது மாணவர்களுக்குப் பொறியியலில் ஆர்வம் வருவதற்காக என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தீர்கள். அமைப்பாளர்களே வெளியிடும் கிட்பாட் என்ற எளிய ரோபோவின் வரைபடத்தை எடுத்து அடித்தொட்டியில் மட்டும் குழாய் போடும் ரோபோவைக் கட்டினால், இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். மீதி நாட்களில் பத்து மாணவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். எனக்கு இது கடைசி ஆண்டு. ஒரு லிஃப்டை வடிவமைத்து, அது ஏன் சிக்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள இன்னொரு வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியவில்லை.

ஐந்தும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தரையிலிருந்து எடுப்பதை விட்டுவிடலாம், ஏனென்றால் மனித ஆட்டக்காரரிடமிருந்தே கோரல் கிடைக்கும். வலையில் எறிவதையும் விட்டுவிடலாம். ஆனால் ஆல்கேயைத் தட்டிவிடும் குச்சி ஒரு மோட்டார், ஒரு பாலிகார்பனேட் துண்டு, அவ்வளவுதான். அதையும் "எளிமை" என்று சொல்லி வெட்டினால் அது எளிமை இல்லை, பயம்.

பல்சக்கரம் | 14 ஜனவரி 2025

தங்கச்சி, உன்னுடைய கடைசி வரியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டுத் தோல்விக்குப் பின் எதைப் பார்த்தாலும் வெட்டலாமா என்றே எனக்குத் தோன்றுகிறது என்பது உண்மைதான்.

நேற்றைய கூட்டத்தில் முடிவானதை எழுதுகிறேன். ஜனவரி முடிவதற்குள் அடித்தொட்டியில் கோரல் போடும் ரோபோ தரையில் ஓட வேண்டும். அன்றிலிருந்து ஓட்டுநருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் பயிற்சி, அந்த நேரத்தில் யாரும் ரோபோவில் கை வைக்கக்கூடாது. இரண்டாவதாக ஏறும் கொக்கி. லிஃப்டைத் தனிக் குழு ஒன்று தனிச் சட்டத்தில் கட்டும். அதைப் பொருத்துவதற்கான துளைகளை இப்போதே இட்டு, எடையில் 25 பவுண்டும் ஒதுக்கி வைக்கிறோம். மார்ச் முதல் வாரத்துக்குள் மேசை மேல் ஐம்பது முறை தடங்கலின்றி ஏறி இறங்கினால் ரோபோவில் ஏறும், இல்லையென்றால் இரண்டாவது போட்டிக்குப் போகும். குச்சிக்குப் பலகைக்காரியே பொறுப்பு. நான் இன்னமும் அதில் அவ்வளவு நம்பிக்கை வைக்கவில்லை.

மூன்றாம்தேர்வு | 14 ஜனவரி 2025

அடித்தொட்டியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கோரல் தரவரிசைப் புள்ளிக்கு நான்கு நிலைகளிலும் ஐந்தைந்து குழாய்கள் வேண்டும்; இரு கூட்டணிகளும் ஒத்துழைத்தால்தான் மூன்று நிலைகளாகக் குறையும். மேலே மட்டும் போடப் பழகிய பெரிய அணிகளுக்குக் கீழே போடுவதற்கு ஆள் தேவைப்படும். அந்த ஐம்பது முறைக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மேசை மேல் ஏறுவது வேறு, இன்னொரு ரோபோ பக்கவாட்டில் இடிக்கும்போது ஏறுவது வேறு. பாதி முறை யாரையாவது சட்டத்தைப் பிடித்து உலுக்கச் சொல்லுங்கள்.

பல்சக்கரம் | 18 மார்ச் 2025

முதல் போட்டி முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

லிஃப்ட் உலுக்கலில் தோற்றது. முப்பத்தொன்றாம் முறை கயிறு உருளையை விட்டு நழுவியது, ஆகவே அதை வீட்டிலேயே விட்டுப் போனோம். பன்னிரண்டு தகுதி ஆட்டங்களில் ஏழில் ஆழக் கூண்டில் ஏறினோம். தோற்ற ஐந்தில் மூன்று முறை கொக்கி குற்றமில்லை. ஓட்டுநர் நேரம் போதாமல் வந்தார். கணக்குப்பிள்ளை சொன்ன 20 வினாடிகள் பயிற்சியில் சரியாக இருந்தது, களத்தில் மற்ற ரோபோக்களைச் சுற்றிக்கொண்டு வர 27 வினாடிகள் ஆயின. ஓர் ஆட்டத்தில் கம்பிக்கட்டு எச்சரித்ததைப் போலவே மின்கல இணைப்பு கழன்று ரோபோ அப்படியே நின்றது.

வெளியேற்றச் சுற்றுக்கான கூட்டணித் தேர்வில் ஆறாம் கூட்டணி எங்களை மூன்றாவது ரோபோவாக எடுத்தது. ஏற்றத்துக்காக எடுத்தார்கள் என்று நினைத்து அவர்களுடைய தலைவரிடம் கேட்டேன். "நீங்கள் ஆல்கேயை வேகமாகத் தட்டிவிடுகிறீர்கள், எங்கள் இருவருக்கும் மூன்றாம் நிலை திறந்திருக்க வேண்டும்" என்றார். பக்கத்தில் நின்ற பலகைக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்ற விதம்தான் தாங்க முடியவில்லை.

இரட்டை வெளியேற்றச் சுற்றில் (இருமுறை தோற்றால் வெளியே) இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோம்.

பலகைக்காரி | 20 மார்ச் 2025

அண்ணா எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கயிற்றுருளைக்கு ஓரத்தடுப்பு வைத்து, லிஃப்டை நேற்று எண்பது முறை உலுக்கிக்கொண்டே ஓட்டினோம், ஒருமுறையும் நழுவவில்லை. பொருத்தி எடை பார்த்தால் 109 பவுண்டு, வரம்பு 115. மீதமுள்ள ஆறு பவுண்டை என்ன செய்வது என்று சனிக்கிழமை கூட்டம். பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பல்சக்கரம் | 20 மார்ச் 2025

சுண்ணக்கட்டியை நான் எடுத்து வைத்துவிட்டேன், தங்கச்சி. முதலில் ஓட்டுநர் அந்த லிஃப்டோடு இரண்டு மணி நேரம் ஓட்டட்டும்.